மஞ்சள் தண்ணீரில் ஆல்டன்ஷா

சின்னப்பன் துபாயிலிருந்து லீவில் வந்து ஒன்றரை மாதமாகியும் அவன் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. விடிந்ததும் கிரீம்ஸ்பேட்டைக் கடைசி வரை நடந்துவிட்டு வருவான். வந்து ஒரு டீ குடிப்பான். தம்ளரைக் கீழே வைப்பதற்குள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதோ வேலை இருப்பதாக ஞாபகம் வந்துவிடும். திரும்பி வந்து பெட்டியைத் திறப்பான், மூடுவான். சும்மா நிற்கும்போதுகூட அவனுடைய வலது கட்டைவிரல் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். தீப்பெட்டி கிடைத்தால் தீப்பெட்டி லேபிளை, சோப்பு கிடைத்தால் அதன் உறையை, ஒன்றும் இல்லையென்றால் கதவுச் சட்டத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போகும். ஒருநாள் தட்டில் இருந்த தோசையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்ததை அவன் பெண்டாட்டி தாட்சாயணி கண்ணாலேயே பார்த்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தடவை அவன் திரும்பிப் போகக் கூடாது.

இதை அவள் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். பெண் ரூபா வளர்கிறாள் என்றாள். உன் அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்றாள். கடை இப்போது நன்றாக ஓடுகிறது என்றாள். எல்லாவற்றுக்கும் அவன் தலையை ஆட்டுவான். ஆட்டிவிட்டு, "இன்னும் ஒரே வருசம் தாட்சி" என்பான். இந்த ஒரே வருசத்தை அவன் முதல் லீவிலும் சொன்னான், இரண்டாவது லீவிலும் சொன்னான். அந்த வருசம் மட்டும் தீர்ந்தபாடில்லை.

கடை என்றால் மளிகைக் கடையோ துணிக் கடையோ இல்லை. சித்தூரில் டயர்க் கடை ஒன்றின் மாடியில் அவள் நடத்துவது பூல் பார்லர். பச்சைத் துணி போர்த்திய மேஜை இரண்டு, சுவரில் பந்தை அடித்துக் குழியில் தள்ள நீளநீளமாய் ஸ்டிக்குகள், கல்லாவில் தாட்சாயணி. கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சீசனுக்குச் சீசன் மாம்பழக் கூழ்க் கம்பெனியில் கொட்டை பிரித்துக்கொண்டிருந்தவளுக்கு இந்தத் தொழில் வாய்த்தது சின்னப்பனால்தான். துபாயில் எங்கேயோ கண்ணாடி வழியாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, பெங்களூரில் ஒரு கிளப் கழித்துக் கட்டிய மேஜைகளை வாங்கிப் போட்டான். போட்டுவிட்டுப் பிளேன் ஏறிவிட்டான். ஊரில் எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். மாமியார் லட்சுமம்மா ஒரு மாதம் மருமகளிடம் பேசவே இல்லை.

தாட்சாயணி இரண்டே சட்டம் போட்டாள். சிகரெட் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. பொம்பளை உட்கார்ந்திருக்கிற இடம் என்று தெரிந்ததும் தாய்மார்களே பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள். வாசல் போர்டில் 'சின்னப்பா பூல் பார்லர்' என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. அந்தப் பெயரை ஒருத்தரும் சொன்னதில்லை. ஊருக்கே அது அக்கா கடை.

போன வருசம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏசி போட்ட பார்லர் ஒன்று வந்தது. அங்கே ஃபாரின் ஸ்டிக்குகள் இருந்தன. ஸ்டிக்கின் அடிப்பக்கத்தில் தங்க எழுத்தில் 'ஆல்டன்ஷா, இங்கிலாந்து' என்றிருக்கும். பையன்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். அவள் எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் புருசனிடம் சொன்னாள்.

"மாமா, ஆல்டன்ஷான்னு ஒரு ஸ்டிக்கு கீதாம். வரசொல்ல அத்த எடுத்துகினு வா. அதான் வேணுமாம் இவனுங்களுக்கு."

சின்னப்பன் மாமன் மகன். அதனால் சின்ன வயசிலிருந்தே மாமாதான். அந்தப் பக்கம் அவன் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. எதற்குச் சிரித்தான் என்று அவள் கேட்கவில்லை. ஒரு நிமிசத்துக்கு அவ்வளவு காசு.

வரும்போது ஆறு ஸ்டிக் கொண்டுவந்தான். வழவழவென்று, தங்க எழுத்தோடு. மறுநாளே கடை நிறைந்தது. போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். ஆட்டத்தில் ஊரிலேயே கெட்டிக்காரனான முரளிதரன், பிகாம் படிக்கிறவன், ஆறையும் எடுத்து எடுத்துப் பார்த்து ஒன்றைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டான். அதைத் தனி ஆணியில் மாட்டச் சொன்னான். வேறு யாராவது தொட்டால் முகம் சுண்டிவிடும்.

தாட்சாயணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடை ஓடுகிறது, இனி மனுசன் எதற்குப் போக வேண்டும் என்றுதான் அவள் கணக்கு.

"கடைல ஒரு நாளாவது வந்து குந்தேன் மாமா."

"நா குந்தினா அது அக்கா கடையா? பசங்க மெரண்டு பூடுவானுங்க" என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டான்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. மழை வரப்போகிற புழுக்கம். காலையிலேயே தெருவெல்லாம் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கீழே டயர்க் கடைக்காரர் கன்னையா தன்னுடைய ஜாக்கி, ஸ்பேனர், காற்றடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் குளிப்பாட்டி வரிசையாக வைத்திருந்தார். மாடியில் தாட்சாயணி ஒரு பக்கெட் தண்ணீரில் மஞ்சள் கரைத்தாள். ஒவ்வொரு வருசமும் செய்கிற வேலைதான். சோறு போடுகிற சாமானைக் கழுவாமல் எப்படிப் பூஜையில் வைப்பது? பழைய ஸ்டிக்குகளைக் கழுவி ஓரமாக வைத்தாள். பிறகு புது ஆறையும் எடுத்து, துணியை நன்றாக முக்கி, அடியிலிருந்து நுனி வரை அழுத்தித் துடைத்தாள். புதுசு என்பதால் கூடவே கொஞ்சம் ஊறவும் விட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது மஞ்சள் தண்ணீரில் தங்க எழுத்துகள் மிதந்துகொண்டிருந்தன.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் மொட்டையாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் மொட்டை. ஆறும் மொட்டை. பொரி கடலை வாங்கப் போயிருந்த சின்னப்பன் பொட்டலத்தோடு படியேறி வந்தான். பக்கெட்டை எட்டிப் பார்த்தான். பார்த்தவன், சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாத்துக்கு சிரிக்கற? ஏமாந்து வந்துகீறியே, அதுக்கா? எவனோ டூப்ளிகேட்ட ஒந்தலைல கட்டிகீறான்."

"டூப்ளிகேட்டு இல்ல தாட்சி. ஒரிஜினல்தான்."

"ஒரிஜினல் தண்ணில பூடுமா?"

"மேல வார்னிஷ் பூச்சு போட்டா பேரு போவாது. நா பூச்சுக்கு முன்னயே எடுத்துகினேன். ஸ்டோர்காரன் வெல கொறச்சிக் குடுத்தான். நானே ஒட்டினது." சொல்லும்போது கட்டைவிரல் காற்றில் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. "அஞ்சி வருசமா அங்க இன்னா செய்றேன்னு நெனச்ச? குடோன்ல வேலன்னு சொன்னேன் இல்ல? இதான் அந்த வேல."

தாட்சாயணி ஈரத் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவனும் எதிரே குந்தினான். வந்ததிலிருந்து அவன் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"சைனாலேர்ந்து கண்டெய்னர் வரும். தொறந்தா அத்தினியும் மொட்ட ஸ்டிக்கு. எங்க மேஸ்திரி ஒரு மலையாளி. இத்தினி பொட்டி ஆல்டன்ஷா, இத்தினி பொட்டி பிளாக்ஃபின், மீதி எல்லாம் பேரில்லாததுன்னு சொல்லுவான். லேபிள தண்ணில நனச்சி ஒட்டி வெரலால தேச்சிகினே போவோம். ஆல்டன்ஷான்னு ஒட்டினது ரெண்டு பங்கு வெலைக்குப் போவும். பேரில்லாதது சும்மா போவும். எல்லாம் ஒரே மரம்தான்."

"அப்ப இங்கிலாந்து?"

"பேரு அங்கயிருந்து வருது. அந்தக் கம்பெனிக்காரனேதான் லேபிளக் குடுத்து ஒட்டச் சொல்றான். அதனாலதான் சொல்றேன், ஒரிஜினல்னு. ஆல்டன்ஷான்னா இதான். வேற ஆல்டன்ஷா எங்கயும் கெடையாது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ ஆல்டன்ஷா கேட்ட. நா ஆல்டன்ஷா எடுத்தாந்தேன்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்றரை மாதமாக வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் இங்கிலாந்து ஸ்டிக் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். மாமியாரிடம்கூடச் சொன்னாள். சின்னப்பன் அதற்குள் எழுந்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து லேபிள் கட்டு ஒன்றை எடுத்து வந்தான். ரூபாவின் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டக் கொண்டுவந்ததாம். வழவழப்புக் காகிதத்தில் அதே தங்க எழுத்துகள், அடுக்கடுக்காக.

"இந்தா. பத்து நிமிசம் வேல. காஞ்சப்புறம் எவனுக்குத் தெரியப் போவுது?"

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஊருக்கு வந்த பிறகு அவன் கைக்கு முதல்முதலாக ஒரு வேலை கிடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது. ஆறு ஸ்டிக்கையும் வாரிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் சாத்தினாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், கதம்பத்தைச் சுற்றினாள். கற்பூரத்தையும் ஏற்றிவிட்டாள்.

"பூஜைல வெச்சிட்டேன். நாளைக்கிக் காலைல எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது."

"ஏமே, இது இன்னா வம்பு? காலைல பசங்க வந்துருவானுங்களே."

"வரட்டும்."

பூஜையில் வைத்த சாமானைத் தொடுகிற துணிச்சல் சின்னப்பனுக்கு இல்லை. துபாயில் ஐந்து வருசம் இருந்தாலும் அந்த விஷயத்தில் அவன் லட்சுமம்மா பெற்ற பிள்ளைதான். லேபிள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க மாடிக்கும் தெருவுக்கும் அலைந்தான். கன்னையா கடை வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியைக் கொறித்தான். சுண்டலை மென்றான். வானம் கறுத்துக் கறுத்து ஏமாற்றிக்கொண்டிருந்தது.

விஜயதசமியன்று விடிந்தும் விடியாமல், பூஜையை எடுக்க அவர்கள் கடைக்கு வந்த கையோடு முரளிதரன் வந்து கதவைத் தட்டினான். அன்றைக்குத் திருப்பதியில் பெரிய பார்லர் ஒன்றில் போட்டி. தன் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கூட அவன் சிநேகிதன் ரமணாவும் இன்னும் இரண்டு பையன்களும் வழியனுப்ப வந்திருந்தார்கள். தாட்சாயணி கற்பூரம் காட்டி ஸ்டிக்குகளை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் போட்டாள்.

"பேரு போச்சு முரளி. கழுவசொல்ல வந்துருச்சி. இங்கிலாந்துன்னு நா சொன்னதும் பொய்யி. எல்லாம் சைனா. இதோ நிக்கறாரே, இவருதான் பேரு ஒட்டினாரு."

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். சின்னப்பன் சுவரோரம் நின்று தரையைப் பார்த்தான்.

"டூப்ளிகேட்டா?" என்றான் ரமணா. "அப்ப இத்தினி நாளா நாங்க ஆடினது?"

"ஆடினது ஆடினதுதான்" என்றாள் அவள். "துட்டு வேணும்னா திருப்பி வாங்கிக்க."

ரமணாவும் அந்தப் பையன்களும் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். அவர்களோடு கடையே இறங்கிப் போவதாக அவளுக்குப் பட்டது. முரளிதரன் போகவில்லை. ஆறு ஸ்டிக்கையும் ஒவ்வொன்றாக எடுத்தான். கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தான், விரல்மேல் வைத்துப் பார்த்தான், மேஜைமேல் குனிந்து பந்தை அடிக்கிற மாதிரி இரண்டு முறை முன்னும் பின்னும் இழுத்தான். நான்காவதை எடுத்ததும் விறைத்திருந்த அவன் தோள் இறங்கியது.

"இதான்கா என்னுது."

"எப்டிப்பா சொல்ற?" என்று சின்னப்பன் முன்னால் வந்தான். "எல்லாம் ஒரே கண்டெய்னர். ஒரே மெஷின்ல கடஞ்சது."

"இருக்கலாம்ணா. இது என்னுது."

"திரும்பி நில்லு."

பையன் திரும்பி நின்றான். சின்னப்பன் அந்த ஸ்டிக்கின் அடிமட்டத்தில் அவனுக்குத் தெரியாமல் நகத்தால் ஒரு கீறல் போட்டு, ஆறையும் கலைத்துப் போட்டான். முரளிதரன் திரும்பி வந்து, முதலில் எடுத்ததைக் கீழே வைத்து, அடுத்ததை வைத்து, அதையே பிடித்தான். சின்னப்பன் கீறலைப் பார்த்துவிட்டு மறுபடி கலைத்தான். இந்தத் தடவை கண்ணை மூடச் சொன்னான். மறுபடி அதேதான். சின்னப்பனுக்கு வேர்த்துவிட்டது. அந்த ஸ்டிக்கை வாங்கித் தானும் குனிந்து பார்த்தான். இன்னொன்றைப் பிடித்தான். இரண்டும் அவனுக்கு ஒன்றாகத்தான் இருந்தன.

"அப்டி இன்னாதான்பா கீது இதுல?"

"தெரிலண்ணா. கைக்குப் புடிச்சிருக்கு. அவ்ளோதான்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் ஸ்டிக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினான்.

அன்று முழுக்கச் சின்னப்பன் எங்கும் போகவில்லை. மீதி ஐந்து ஸ்டிக்குகளையும் மடியில் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தான். ஒட்டட்டுமா என்று கேட்கவில்லை, அவளும் ஒட்டு என்று சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஆயிரக்கணக்குல ஒட்டிகீறேன். ஒண்ணுகூட எனக்கு வேறயா தெரிஞ்சதில்ல" என்றான். கல்லாவிலிருந்த அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாலையில் இரண்டு மூன்று பையன்கள் வந்து, மொட்டை ஸ்டிக்கிலேயே ஆடிவிட்டுப் போனார்கள். ஏசி கடையில் கூட்டமாம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முரளிதரன் திரும்பி வந்தான். முகம் வாடியிருந்தது.

"ரெண்டாவது ரவுண்டுலயே தோத்துட்டேன்கா."

"ஸ்டிக்கு சரியில்லியா?"

"ஸ்டிக்கு மேல தப்பில்ல. ஆப்போனெண்ட் கெட்டிக்காரன். அவனும் ஏதோ பழைய குச்சிதான் வெச்சிருந்தான், நுனிகூட தேஞ்சிபோயி." ஸ்டிக்கைத் தன் ஆணியில் மாட்டினான். மாட்டிவிட்டு இறங்கப் போனவன் திரும்பி, "யாருக்கும் குடுத்துடாதக்கா" என்றான்.

அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது. இனி யாரும் வர மாட்டார்கள் என்று தாட்சாயணி ஒரு மேஜைமேல் விளக்கை அணைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகுக் களியையும் வேர்க்கடலைச் சட்னியையும் இரண்டு தட்டில் வைத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சின்னப்பன் களியை உருட்டி வைத்துவிட்டு வாயில் போடாமல் இருந்தான்.

"தாட்சி."

"சொல்லு."

"வியாழக்கெழம பிளேனு. நீ இருன்னு ஒரு வார்த்த சொல்லு. டிக்கெட்ட கிழிச்சிப் போட்டுடறேன்."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் ஒன்றரை மாதம் தவம் கிடந்தாள். இரு என்கிற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்போதுதான் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். வலது கை களியில் இருந்ததால், இடது கட்டைவிரல் மேஜைக் காலை மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"நா சொல்லி நீ இருந்தா, அது நா ஒட்டினது மாமா" என்றாள். "ஒரு மழைக்கித் தாங்கும், ரெண்டு மழைக்கித் தாங்கும். நீயா சொல்லு. ஒனக்கு எங்க இருக்கப் புடிக்குது?"

அவன் விரல் நின்றது. கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன யாரும் இத்த கேட்டதில்ல" என்றான்.

"நா கேக்கறேன்."

"அங்கதான்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து சட்னியைப் பார்த்தான். "சொகமான எடம்னு இல்ல. எட்டு பேரு படுக்கற ரூமு. மூட்டப்பூச்சி. ஆனா காலைல வண்டி வந்து நிக்கும், ஏறி குந்துவேன், கை அதும்பாட்டுக்கு வேல செய்யும். நானும் ஒருத்தன்னு இருப்பேன். இங்க வந்தா இன்னா செய்றதுன்னே தெரில. நீ, ரூபா, கடை, எல்லாம் நா இல்லாமயே சரியா கீது. நா வந்தா எங்கயோ இடிக்குது. துட்டுக்குத்தான் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன். மொத ரெண்டு வருசம் அது நெசம்தான்."

தாட்சாயணிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எழுந்து அவன் தட்டை எட்டி உதைக்கலாம் என்றுகூட இருந்தது. ஆனாலும் ஐந்து வருசத்தில் அவன் வாயிலிருந்து அவள் கேட்ட கலப்பில்லாத பேச்சு அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காகவே அவன்மேல் ஆசை பொங்கியது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. போ."

"கோவமா?"

"கோவந்தான். அதுக்கு இன்னா இப்ப? களிய துன்னு, ஆறுது."

அவன் தின்றான். தின்று முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"தாட்சி, இன்னும் ஒரே..."

"அத்த மட்டும் சொல்லாத மாமா."

அவள் அலமாரியிலிருந்த லேபிள் கட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இத்த பெட்டில வெச்சிக்க. இங்க வேணாம்" என்றாள். பிறகு துணியைத் தண்ணீரில் நனைத்து, ஆணியில் தொங்கிய முரளிதரன் ஸ்டிக்கைக் கழற்றி, அடியிலிருந்து நுனி வரை ஈரத்தோடு அழுத்தித் துடைத்து, துணியில் எதுவும் வரவில்லை என்று பார்த்து மறுபடி மாட்டினாள்.